முகத்தில் கதவு வைத்த கார்

அவரைத் தெருவில் எல்லோரும் தீர்ப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைக் கரண்ட் பில்லில் மட்டும் பார்க்கலாம்.

தொழில் டிங்கர் வேலை. நசுங்கிப்போன, துருப்பிடித்து ஓட்டை விழுந்த காரை வாங்கி, தகரத்தைத் தட்டி, வெட்டி, ஒட்டி, மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசிப் பழைய முகத்துக்குக் கொண்டுவருவார். பட்டறை கீழே, வீடு மேலே. பட்டறைக்கு வருவதெல்லாம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்த கிழட்டு வண்டிகள். புது வண்டியைக் கிட்டச் சேர்க்கமாட்டார். "அது காரு இல்லப்பா, மிக்சி. கெட்டுப்போனா கடாசிட்டு வேற வாங்கு" என்பார்.

வேலையில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. வாய்தான். வண்டி வாசலில் வந்து நின்றதுமே ஒரு தீர்ப்பு வந்து விழும். கேட்டாலும் விழும், கேட்காவிட்டாலும் விழும். வாலில் இரண்டு செட்டை வைத்த நீளமான அமெரிக்க வண்டி வந்தால், சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "முன்னாடி பார்த்தா மந்திரி, பின்னாடி பார்த்தா மீனு" என்பார். கொண்டுவந்தவர் முகம் சுருங்கிவிடும். பஞ்சையும் பிசினையும் அழுத்திச் செய்த உடம்போடு ஒரு சின்ன வண்டி வந்தது. விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தட்ட முடியாது, துவைச்சு வேணும்னா தர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தண்ணீரிலும் மிதக்கும் கார் ஒன்றைப் பார்க்கப் பக்கத்து ஊரே திரண்டு போயிருந்தது. இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "ரோட்டுல ஓடம், தண்ணியில லாரி. ரெண்டு வேலை தெரியும்னு சொல்றவனுக்கு ஒரு வேலையும் தெரியாது."

எதுவுமே பிடிக்காத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கிளப்பியதும் பின்பக்கம் முதலில், முன்பக்கம் அப்புறம் என்று மெல்ல எழுந்து நிற்குமே ஒரு பிரெஞ்சு வண்டி, அது வந்தால் அவர் குரலே தணிந்துவிடும். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். "இது மேகம்யா. என்ன, காலையில எழுந்திருக்கும்போது மட்டும் எங்க மாமனார் மாதிரி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கும்." பாராட்டினாலும் கடைசியில் ஒரு கொட்டு வைக்காமல் இருக்க வராது.

"நல்லதா நாலு வார்த்தை சொன்னா வாயில பட்டி காஞ்சுடுமா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சும்மா இருக்கச் சொல்றேன்."

சும்மா இருப்பது எப்படி என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

வாய்க்குப் பயந்து போன வாடிக்கைக்காரர்கள் கைக்காகத் திரும்பி வந்தார்கள். திரும்பி வராதது ஒரே ஒரு ஆள்தான். அது அவர் தங்கச்சி.

தங்கச்சி இந்தப் பட்டறையிலேயே வளர்ந்தவள். சின்ன வயதில் சக்கரம் இல்லாத கார்களுக்குள் உட்கார்ந்துதான் பாடம் படிப்பாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளட்ச் மிதித்துப் பழகியவள். ஒரு தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், ஊசி மாதிரி ஒல்லி, அவருக்கும் பழைய கார் என்றால் உயிர். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெரிய வண்டி வாங்கினார்கள். பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும் வகை. தையல்காரர் தன் கையாலேயே சீட்டுக்கு உறை தைத்துப் போட்டிருந்தார். தங்கச்சி முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, அண்ணனிடம் காட்டத்தான் முதலில் கொண்டுவந்தார்கள்.

அண்ணன் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்குரூ டிரைவரால் வண்டியின் தரையைக் கீழிருந்து குத்தினார். அது சீட்டுக்கு முன்னால், தங்கச்சியின் செருப்புக்குப் பக்கத்தில் மேலே வந்து எட்டிப் பார்த்தது. வெளியே வந்து, தெருவே கேட்கிற மாதிரி, "மேல பட்டு, கீழே சல்லடை. எவன் தலையில கட்டினானோ, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். வண்டி அப்படியே திரும்பிப் போனது. அதோடு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. சொந்தக்காரர் வீடுகளில் எதிரே பார்த்தால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பாள்.

"நான் சொன்னதுல என்ன தப்பு? ஓட்டை இருந்துச்சா இல்லையா?" என்று மனைவியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான், ஒரு நாள் காலையில் சரக்கு வண்டி ஒன்று பட்டறை வாசலில் நின்றது. மேலே ஒரு முட்டை மாதிரி ஏதோ கட்டியிருந்தது. இறங்கினது தையல்காரர்.

முட்டைக்கு மூன்று சக்கரம். பக்கவாட்டில் கதவே இல்லை. முகம் முழுவதும் ஒரே கதவு. ஃபிரிட்ஜைத் திறப்பது போல முன்பக்கத்தைத் திறந்தால், ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளும். அப்படியே நடந்து உள்ளே போய்த் திரும்பி உட்கார வேண்டும். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். அந்தக் காலத்தில் பெரிய வண்டி வாங்க முடியாதவர்களுக்காகச் செய்தது. இவரிடம் வந்த இந்த வகைக்கு ரிவர்ஸ் கியர்கூடக் கிடையாது.

தீர்ப்பின் நாக்கு நுனியில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. தையல்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

"மச்சான்னு வரலை. கஸ்டமரா வந்திருக்கேன். தரை துருப்பிடிச்சிருக்கு. தரையை மட்டும் மாத்திக் குடுங்க. கருத்து வேண்டாம், வேலை போதும்."

தீர்ப்பு வாயைத் திறந்தார். மூடினார். "சரி மாப்பிள்ளை" என்றார்.

இந்த வண்டி நல்லபடியாக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த வழியாக ஒரு நாள் தங்கச்சியும் வருவாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வெளியே சொல்லவில்லை. அதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் மனைவிக்குத்தான் ஆபத்து. "மூஞ்சியில கதவு! எதிர்ல வர்றவன் இடிச்சா கதவைத் தட்டுற மாதிரி இருக்கும். மூணு சக்கரம்! நாலாவதை மறந்துட்டானா, மாட்ட மனசு வரலையா?"

"என்கிட்டயே கொட்டித் தீருங்க. அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்றாள் அவள்.

தரையை மாற்றினார். அழகாக வந்தது. பிறகு தலையை நிமிர்த்தினார். கூரையில் ஒரு பெரிய துண்டு கித்தான். பின்னுக்கு மடித்துத் திறக்கிற மாதிரி வைத்தது. மெழுகு நூலில் இரட்டைத் தையல். தையல்காரர் தைத்ததுதான், பார்த்தாலே தெரிந்தது. தீர்ப்புக்கு உடம்பு அரித்தது. கூரை என்றால் தகரம். துணியைப் போட்டு மூடினால் அது கூடாரம். மழை பெய்தால் உள்ளே குளிக்கலாம்.

வாயைத் தையல்காரர் கட்டிவிட்டார். கை கட்டுப்படவில்லை. கித்தானை ஒழுங்காகக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு நல்ல தகடை எடுத்தார். முட்டையின் முதுகு எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து, ஒரு சுத்தி அடி தெரியாமல் தட்டி, சுற்றிலும் ரிவெட் அடித்து, வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தார். இதுவரை செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை என்று அவருக்கே தோன்றியது. இனாமாகத் தருவதாக நினைத்துக்கொண்டார்.

வண்டியை எடுத்துப்போகத் தையல்காரர் வந்தார். தரையை மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்போம் மச்சான்" என்றார். மச்சான் என்ற சொல் தானாக வந்துவிட்டது. தீர்ப்புக்கு உள்ளே குளிர்ந்தது. அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

தெருமுனை வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. உள்ளே புழுக்கம் தாங்காமல் தையல்காரர் கூரையைத் திறக்கக் கையை மேலே நீட்டினார். கை தகரத்தில் டங்கென்று இடித்தது.

"இங்க இருந்த கித்தான் எங்கே?"

"அலமாரியில இருக்கு. பத்திரமா மடிச்சு வச்சிருக்கேன்."

"நான் கேட்டேனா?"

"மழை வந்தா..."

"கருத்து வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"நான் வாயைத் திறந்தேனா மாப்பிள்ளை? ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

"வாயால பேசினா காத்தோட போயிருக்கும். நீங்க ரிவெட் அடிச்சு வச்சிருக்கீங்க, பெயின்ட் வேற பூசி!"

முழங்கை முழங்கையோடு இடிக்க இரண்டு பேரும் கத்திக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினார்கள். கோபத்தில் இருக்கும் மனிதன் பழக்கப்படிதான் நடப்பான். வாழ்நாள் முழுக்க எந்த வண்டியானாலும் தீர்ப்பு அதை ஒரே மாதிரிதான் நிறுத்துவார். நேராக உள்ளே விட்டு, மூக்கு சுவரைத் தொடுகிற மாதிரி. வேலை மேசையும் விளக்கும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. தண்ணீர் வடிவதற்காகப் பட்டறைத் தரையும் அந்தச் சுவரைப் பார்த்துச் சரிந்திருக்கும். முட்டை வண்டி இறங்கிப் போய்ச் சுவரில் மூக்கை வைத்து நின்றது. என்ஜினை அணைத்தார். கைப்பிடியைத் திருகிக் கதவைத் தள்ளினார்.

கதவு ஒரு விரல்கடை நகர்ந்து சுவரில் முட்டியது.

இன்னொரு தடவை தள்ளினார். சுவர் அதே இடத்தில்தான் இருந்தது.

"பின்னாடி எடுங்க" என்றார் தையல்காரர்.

"எதை வச்சு எடுக்க?"

இரண்டு பேரும் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். வண்டி சரிவில் இன்னும் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கண்ணாடியை நகர்த்தினால் கை போகும், தலை போகாது.

"இதுக்குத்தான் மச்சான் மேல திறக்கிற மாதிரி தைச்சேன்" என்றார் தையல்காரர். கோபம்கூட இல்லை, அழுகிற குரல். "இந்த வண்டியில சுவர்ல மாட்டினா அது வழியாத்தான் வெளியே வரணும்."

தீர்ப்பு அண்ணாந்து தன் வேலையைப் பார்த்தார். ஒரு ரிவெட்கூடப் பிசகவில்லை. வெளியே இருந்து அடித்தது, உள்ளே இருந்து அசையாது.

ஹாரனை அடித்தார்கள். பட்டறையில் ஹாரன் அடித்தால் தெருவில் எவன் திரும்பிப் பார்ப்பான்? தையல்காரர் தன் ஃபோனில் மாடியைக் கூப்பிட்டார். தலைக்கு மேலே வீட்டில் மணி அடிப்பது இங்கேயே கேட்டது. எடுக்க ஆள் இல்லை. மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள்.

"உங்க வீட்டுக்குப் போடுங்க" என்றார் தீர்ப்பு.

தையல்காரர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்குத் தெரியாது மச்சான். இங்க குடுத்திருக்கேன்னு சொல்லலை. வண்டியே அவளுக்காகத்தான் வாங்கினேன்."

"அவளுக்கா? இந்த முட்டையையா?"

"இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. சாதாரண வண்டியில பக்கவாட்டுல மடிஞ்சு ஏற முடியாது, காலைத் தூக்கிப் போட முடியாது. இதுல நேரா நடந்து வந்து திரும்பி உட்கார்ந்தாப் போதும். ஓட்டலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

தீர்ப்பு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா. உங்க வீட்டுல அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துட்டுப் போனாங்க. 'அண்ணனுக்குத் தெரிஞ்சா என் காலுக்கும் ஒரு தீர்ப்பு சொல்வாரு'ன்னு உங்க தங்கச்சி சொன்னா."

தீர்ப்புக்கு வேர்த்தது. தகரக் கூரை சூடேறிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. தையல்காரர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். இடம் போதாமல் ஃபோன் இரண்டு பேர் முட்டிக்கும் நடுவில் இருந்தது. ஸ்பீக்கரில்தான் பேச முடிந்தது.

"எங்கே இருக்கீங்க? வண்டி வந்துடுச்சா?" தங்கச்சியின் குரல்.

"வண்டிக்குள்ளதான் இருக்கேன். வெளியே வர முடியலை. சுவர்ல மாட்டிக்கிச்சு."

"மேல வழியா வாங்களேன்."

"மேல தகரம் அடிச்சிருக்கு."

"எந்த மடையன் தகரம் அடிச்சான்?"

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மறுமுனையில் அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

"அண்ணன் பட்டறையா?"

"தரை வேலைக்கு அவர் கை மாதிரி வராதும்மா..."

"எங்கே அவரு?"

"பாதி என் மடியிலதான் இருக்காரு."

ஏதோ சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா தெரியவில்லை. பிறகு, "அண்ணே" என்றாள்.

எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல். தீர்ப்பு ஃபோன் பக்கம் குனிந்தார். "ம்" என்றார்.

"வண்டி எப்படி இருக்கு?"

அவர் சொல்ல நினைத்தவையெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. "கதவு திறக்கலை" என்றார்.

"வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வாடகைக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. தீர்ப்பு கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். புத்தம்புது வண்டி. கதவு திறந்து ரொம்ப நேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு ஒரு ஊன்றுகோல். பிறகு ஒரு கால், அதைக் கையால் தூக்கி வெளியே வைத்தாள். இன்னொரு கால். டிரைவர் ஓடிவந்து கையைக் கொடுத்தார். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்து, பக்கவாட்டில் உருண்டு எழுந்தாள். எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்தபோது முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. அவள் கிட்டே வருவதற்குள் தீர்ப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டிரைவர் முட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னால் போய் இழுக்கப் பார்த்தார். "இருப்பா, அவசரம் இல்ல" என்றாள் தங்கச்சி. ஜன்னலில் குனிய முடியாமல் கோலை ஊன்றி நின்றாள்.

"இப்ப எங்கயும் எழுந்து போக முடியாதுல்ல?"

"முடியாது" என்றார் தீர்ப்பு.

"அன்னைக்கு நீ சொன்னது நிஜம்தான். தரை சல்லடைதான். எனக்குத் தெரியாதா? இதே பட்டறையில வளர்ந்தவதானே நான்? தெரிஞ்சேதான் வாங்கினோம்."

"அப்புறம் ஏன்மா இத்தனை வருஷம்..."

"உள்ள வந்து உட்காருன்னு சொல்லத்தான் வந்தேன் அண்ணே. உன்னையும் ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தணும்னு வந்தேன். நீ அடியில நுழைஞ்சுட்டே."

அவர் கை ஜன்னல் வழியாக வெளியே வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அதில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இழுக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

அதற்குள் காய்கறிப் பையோடு தீர்ப்பின் மனைவி வந்துவிட்டாள். நிலைமையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "உள்ளே இருக்கிற ரெண்டும் எத்தனை நேரமா இருக்கு? கொஞ்சம் விட்டு வைப்போமா?" என்றவள், டிரைவரோடு சேர்ந்து இழுத்தாள். முட்டை மேட்டில் ஏறிவந்தது. முகம் திறந்தது. இரண்டு பேரும் இட்லித் துணியில் அவிந்தவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள்.

தங்கச்சி யாரையும் கேட்கவில்லை. கோலை அண்ணன் கையில் கொடுத்தாள். நேராக நடந்தாள், திரும்பினாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒரு முனகல்கூட இல்லை.

"மேல வாம்மா, வீட்டுக்கு" என்றாள் அண்ணி.

"உங்க மாடிப்படி என்னால ஆகாது அண்ணி. இங்கயே இருக்கேனே." அங்கேயே டீ வந்தது. முகத்தைத் திறந்து வைத்த வண்டிக்குள் அவள் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எதிரே கவிழ்த்த வாளியிலும் டயரிலும் உட்கார்ந்தார்கள். அவள் டம்ளரோடு அண்ணாந்து பார்த்தாள்.

"இதென்ன, தலையில சட்டியைக் கவிழ்த்த மாதிரி? வெயில்ல வெந்து போயிடுவேன்."

தையல்காரர் டீயை ரொம்ப ருசித்துக் குடித்தார்.

"கித்தான் ரெண்டு மழைக்குத் தாங்காது..." என்று ஆரம்பித்தார் தீர்ப்பு. மனைவி டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள். "கழட்டிடறேன்" என்று முடித்தார்.

டிரில்லை எடுத்து வந்து ஒவ்வொரு ரிவெட்டாகத் தலையைச் சீவினார். இறங்கு என்று சொல்லியும் அவள் இறங்கவில்லை. அவள் தலைமேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் வேலை செய்தார். மறுபக்கம் தையல்காரர் தகடைத் தாங்கிப் பிடித்தார். தகடு வளையாமல் வந்தது. சாக்கை நீக்கிவிட்டுத் தங்கச்சி ஸ்டியரிங்கைத் தொட்டாள். "அண்ணி, ஏறுங்க."

"நானா? இதுலயா?"

"ஏறுங்கன்னா."

வண்டியைத் திருப்பித் தெருவைப் பார்க்க வைத்துக் கொடுத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். முட்டை பட்பட்டென்று கத்திக்கொண்டு வெளியே போனது. கூரை இருந்த இடத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன. அண்ணி எதையோ பிடித்துக்கொண்டு கத்துவது திருப்பம் வரை கேட்டது.

தகடை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி ஆண்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். தீர்ப்பால் முடியவில்லை.

"மாப்பிள்ளை, அந்த வண்டியைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?"

"என்கிட்ட வேண்டாம். அவ வரட்டும், அவகிட்டயே சொல்லுங்க."

பட்பட் சத்தம் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தது. தீர்ப்பு தகடைச் சுவரில் சாய்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, தொண்டையைச் செருமித் தயாராக நின்றார். வாசலில் வேகம் குறைந்தது. தங்கச்சி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணி இப்போது கத்தவில்லை, கையை ஆட்டினாள். வண்டி நிற்காமல் இன்னொரு சுற்றுக்குப் போனது.